நவம்பர் 1 ஊர்ச் சாப்பாடு: பேச வர்றவரை முடிவு பண்ணினது யாரு?

பழையாற்றுக்கரை | அக்டோபர் 6, இரவு 9.12

படிப்பகத்துப் பலகையில் நேத்து சாயங்காலம் ஒரு தாள் ஒட்டியிருக்கு. பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். வழக்கம்போல நவம்பர் 1 மதியம் ஊர்ச் சாப்பாடு. பதினொன்றரைக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து, தியாகிகளுக்கு அஞ்சலி, சிறப்பு விருந்தினர் பேச்சு, ஒரு மணிக்குப் பந்தி. விருந்தினர் யாருன்னா, திருவனந்தபுரத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மலையாளப் பேராசிரியர். பெயரை இங்கே போடலை. இந்தச் சண்டையில் அவருக்குப் பங்கில்லை.

அவர் பேச்சை ரெண்டு தடவை கேட்டிருக்கேன். நல்ல மனுஷன். நம்மில் பாதிப் பேரைவிடச் சுத்தமாத் தமிழ் பேசுவார். அவர்மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. செயற்குழுவில் ஏழு பேர் இருக்கோம். அதில் மூணு பேருக்கு இந்தத் தாளைப் பார்த்துத்தான் விஷயமே தெரியும். அந்த மூணு பேரில் நானும் ஒருத்தன்.

ரெண்டாவது, நாள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விட்டு நாம கொண்டாடுறது திருவிதாங்கூர்–கொச்சியை விட்டு 1956-ல் தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததை. அதே நாள் அங்கே கேரளப் பிறவி. அங்கேயே அவருக்கு நாலு மேடை இருக்கும். அதை விட்டுட்டு அவரை இங்கே கூப்பிடுறதில் ஒரு அர்த்தம் இருக்கணும். அது என்னன்னு செயலாளர் சொன்னால் தேவலை. தப்புன்னு சொல்லலை, கேக்கிறேன்.

மட்டிப்பழம் | இரவு 9.31

யாரு வேணா பேசட்டும் அண்ணாச்சி. இருபது நிமிஷம், அவ்வளவுதான். போன வருஷம் வந்தவரு இலை போட்டு, கூட்டான் எல்லாம் விளம்பின பிறகு ஒன்றேகால் மணிக்கூர் பேசினாரு. பப்படம் நமுத்து ரப்பராயிட்டு. என் பக்கத்துல இருந்த பொடிப்பய இலையோரத்து உப்பைத் தொட்டு நக்கியே பொழுதைப் போக்கினான். "இறுதியாக"ன்னு அவரு சொன்னதை நான் எண்ணினேன். ஆறு தடவை.

விளவங்கோட்டான் | இரவு 10.05

நான் இந்த ஊர்ப் பிள்ளை இல்ல, பெண்ணெடுத்தவன். அதனால இதுவரைக்கும் வாயைத் திறந்ததில்ல. இப்ப திறக்கேன்.

1954 ஆகஸ்டு 11. தமிழ்நாட்டோட சேரணும்னு போராடினவங்களை மார்த்தாண்டத்திலயும் புதுக்கடையிலயும் சுட்டாங்க. சுட்டது அப்ப திருவிதாங்கூர்–கொச்சி முதலமைச்சரா இருந்த பட்டம் தாணுபிள்ளையோட போலீஸ். எங்க பாட்டா அண்ணைக்குத் தொடுவெட்டிச் சந்தைக்கு வெத்திலைக் கட்டு கொண்டு போனவரு. (பிள்ளைகளுக்காகச் சொல்லுதேன், தொடுவெட்டிதான் இன்னைக்கு மார்த்தாண்டம்.) கட்டைப் போட்டுட்டு வாய்க்கா வழியா ஓடி வந்தாரு. அதுக்குப் பிறகு சாகுத வரைக்கும் பட்டாசுச் சத்தம் கேட்டா எழும்பி உள்ள போயிருவாரு. தீவாளிக்கு எங்க வீட்டில வெடி கிடையாது.

செத்தது பூரா மேற்கே. 1948-லயே மங்காடு தேவசகாயம், கீழ்குளம் செல்லையா. உங்க நாஞ்சில் நாட்டில யாரு செத்தா? மேற்கே செத்தாங்க, கிழக்கே இலை போட்டுச் சாப்பிடுதீங்க. அதையாவது பொறுத்துக்கிடலாம். அந்த இலைக்கு முன்னால அங்கண இருந்து ஒருத்தரைக் கொண்டு வந்து நிறுத்துதது என்ன மாதிரி மரியாதை?

தெற்குத் தெரு | அக்டோபர் 7, காலை 6.40

தம்பி சொல்வதில் உள்ள வலி புரிகிறது. ஆனால் "அங்கண இருந்து வந்தவர்" என்ற ஒரு சொல்லில் எல்லாரையும் கட்டிவிட முடியாது. ஒரே ஒரு செய்தி சொல்கிறேன்.

துப்பாக்கிச் சூடு நடந்தபோது ஆண்டது பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அதன் அகில இந்தியப் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. இந்திக்காரர், உத்தரப் பிரதேசத்துக்காரர். அப்போது சிறையில் வேறு இருந்தார். அங்கிருந்தபடியே, "சுட்டது தப்பு, நம் மந்திரிசபை விலக வேண்டும்" என்று தன் கட்சி முதலமைச்சரிடமே கேட்டார். அந்தக் கட்சி வைத்திருந்த ஒரே மந்திரிசபை அது. பட்டம் விலகவில்லை. கட்சி கடைசியில் பிளந்தது. அந்தப் பிளவின் முதல் விரிசல் விழுந்தது நம் புதுக்கடையில்தான். குமரிக்காரன் செத்ததற்காகத் தன் கட்சியையே பணயம் வைத்தவர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர். நம் ஊரில் அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது.

இன்னொன்று. பதினொன்றரைக்கு எழுந்து நின்று பாடப்போகிறோமே தமிழ்த்தாய் வாழ்த்து, அதை எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அந்த ஊரிலிருந்து வருவதே குற்றம் என்றால் பாட்டை என்ன செய்வது?

விளவங்கோட்டான் | காலை 7.15

லோகியா சங்கதி எனக்கும் தெரியும் சார். லோகியா பேச வருதாருன்னா நான் போய் மாலை போட்டுக் கூட்டிட்டு வருதேன்.

மஸ்கட் மக்கா | காலை 8.02

ஒரு கேள்விக்கு யாராவது நேரா பதில் சொல்லுங்கடே. நம்ம கேட்டது ஒன்பது தாலுகா. கிடைச்சது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும், செங்கோட்டையில பாதியும். நெய்யாற்றின்கரை போச்சு, சித்தூர் போச்சு, தேவிகுளம் பீர்மேடு போச்சு. நெய்யாறு இடதுகரைச் சானல்ல 2004-லயிருந்து விளவங்கோட்டுக்குச் சொட்டுத் தண்ணி விடல. பத்மநாபபுரம் அரண்மனை நம்ம தக்கலைக்குப் பக்கத்தில, ஆனா இன்னைக்கும் கேரளத் தொல்லியல் துறைக் கையில. இவ்வளவும் அப்படியே கிடக்க, சால்வை போடுதது அவங்களுக்கா?

மூணு சாக்கு அரிசி நான் சொல்லியிருந்தேன். இந்த ஆளுதான்னா ஒரு தடவை யோசிப்பேன்.

மட்டிப்பழம் | காலை 8.10

அண்ணே, சித்தூர் பாலக்காட்டுப் பக்கம். அதுக்கு நம்ம அரிசியை நிறுத்துததா?

தோவாளைக்காரி | காலை 8.26

அரிசியைக் காட்டிப் பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கிற வழக்கம் எப்ப வந்துது? அப்படின்னா எங்க அப்பா வருஷா வருஷம் இனாமாக் கொடுக்கிற பூமாலைக்கு ஒரு பேச்சாளர் உண்டா? பந்தலுக்கு ஒருத்தர், பாயசத்துக்கு ஒருத்தர்னு வச்சா மேடையில இடம் காணாது.

குழித்துறைப் பாலம் | காலை 9.50

எழுதவா வேண்டாமான்னு யோசிச்சிட்டுத்தான் இருந்தேன்.

என் அம்மா நெய்யாற்றின்கரை. கல்யாணம் ஆகி குழித்துறைக்கு வந்தா. வீட்டில அம்மா எங்கிட்டப் பேசுறது மலையாளம், நான் பதில் சொல்றது தமிழ், இதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் விளங்காமப் போனதில்லை. விளவங்கோட்டில் என் அம்மாவைப் போல எத்தனை வீடு இருக்குன்னு அண்ணனுக்கே தெரியும். அம்மா நாலு வருஷமா இந்தச் சாப்பாட்டுக்கு வர்றா. அஞ்சலிக்கு எழுந்து நிக்கிறா. முதல் வருஷம் ஓரமா உட்கார்ந்தவளை அடுத்த வருஷம் நீங்கதான் முதல் பந்தியில் உட்கார வச்சீங்க.

நேத்து இந்த இழையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அப்ப இந்த பிராவசியம் நான் வரண்டாமோ?"ன்னு கேட்டா. நான் என்ன சொல்ல?

குண்டு பட்டுச் செத்தவங்க பட்டியலை நல்லா வாசிங்க. அருளப்பன் இருக்கார், செல்லப்பா பிள்ளை இருக்கார், பீர்முகம்மது இருக்கார், பப்புப் பணிக்கர் இருக்கார். குண்டு யாரையும் என்ன ஆளுன்னு கேட்டுட்டுப் போகலை.

விளவங்கோட்டான் | காலை 10.20

அம்மா கண்டிப்பா வரணும். நான் சொன்னது அம்மாவை இல்ல. அது உங்களுக்கும் தெரியும்.

செயலாளர் (படிப்பகம்) | பகல் 1.35

மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் என் தப்பு. மூன்று பேருக்குச் சொல்லாமல் தாளை ஒட்டியது தப்புதான். அச்சகத்துக்காரர் அன்றைக்கே கேட்டார், போனில் நாலு பேரைப் பிடிக்க முடிந்தது, நாலு என்றால் பெரும்பான்மை என்று நினைத்து விட்டேன்.

இனி எப்படி இவர் வந்தார் என்பது. முதலில் பட்டிமன்றம் பேசும் ஒருவரைக் கேட்டோம். அவர் கேட்ட தொகையில் மூன்று வருஷச் சாப்பாடு போடலாம்; அதுபோக மதுரையிலிருந்து கார், இரண்டு பேருக்கு அறை. அடுத்து அரசியலில் இருக்கும் ஒருவர் தாமாகவே வருகிறேன் என்றார். அவர் வந்தால் கொடி வரும், கொடி வந்தால் இன்னொரு கொடியும் வரும். வேண்டாம் என்று விட்டோம். பிறகுதான் இவர். பணம் வேண்டாம், நாகர்கோவில் வரைக்கும் ரயிலில் வந்துவிடுகிறேன், அங்கிருந்து பஸ்ஸில் வருகிறேன், சாப்பாட்டில் வெண்டைக்காய்க் கிச்சடி இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

அவர் பேசப்போவது கேரளப் புகழ் அல்ல. 1954-ல் நம் போராட்டத்தை மலையாளப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்பதுதான் தலைப்பு. நகல்கள் எடுத்து வைத்திருக்கிறார். நம்மைச் சுட்டவர்கள் மறுநாள் காலையில் என்ன செய்தி வாசித்தார்கள் என்று எழுபது வருஷமாக நமக்குத் தெரியாது. போராட்டத்தை நடத்திய நேசமணியைப் பற்றி நாமே நமக்குச் சொல்லிக்கொள்வதை வருஷா வருஷம் கேட்கிறோம். அடுத்த பக்கத்தை ஒருமுறை கேட்டால் என்ன என்று நினைத்தேன். இதுதான் விஷயம்.

பழையாற்றுக்கரை | பகல் 2.04

தலைப்பைத் தாளில் போட்டிருந்தால் இந்த இழையே வந்திருக்காது. தாளில் "சிறப்புரை"ன்னு மட்டும் இருக்கு. சிறப்புரைன்னா பூசணிக்காய்ல இருந்து பூகோளம் வரைக்கும் எது வேணாலும் ஆகலாம்.

ஆனாலும் ஒண்ணு. தலைப்பு நல்ல தலைப்பு. அதைச் சாப்பாட்டு நாளில் வைக்கணுமா? அதுக்கு நாற்காலி போட்டு, ஒன்றரை மணிநேரம் கேட்டு, கேள்வி கேட்டு, வாதாடணும். பசியோட உட்கார்ந்திருக்கிற முந்நூறு பேருக்கு நடுவில், குழந்தை அழுதுக்கிட்டிருக்க, நாலு நகலைத் தூக்கிக் காட்டினா என்ன புரியும்?

கிழக்கு வாசல் | பகல் 3.30

இதற்கு இவ்வளவு பெகளம் எதற்கு? தமிழ்நாடு நாளே ஜூலை 18 என்று 2021-ல் அரசு அறிவித்துவிட்டது. நவம்பர் 1 எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைக்கிற நாள். தியாகிகள் நாளில் முதலில் அடைப்பிரதமன் எதற்கு?

மட்டிப்பழம் | பகல் 3.34

என்னது? பிரதமனில கை வைக்காதீங்க கேட்டியளா.

தெற்குத் தெரு | பகல் 4.10

ஜூலை 18-ல் 1967-ஆம் வருஷம் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறியது, அது மாநிலம் முழுமைக்கும். நமக்கு நவம்பர் 1 தனிக் கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். கன்னியாகுமரிக்காரனுக்கு அன்றைக்கு இரண்டும் உண்டு, துக்கமும் சோறும். நம்மூர்ப் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குப் பாயசம் வைக்கவில்லையா?

மட்டுறுத்துநர் | மாலை 6.00

சாதியை இழுத்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நேசமணி யாருடைய ஆள் என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். ஜூலை 18 பற்றி வேறு இழை இருக்கிறது. இங்கே விருந்தினர் விஷயம் மட்டும்.

வைப்புக்காரன் | இரவு 8.45

எனக்கு இந்த எழுத்தெல்லாம் வராது. பேத்தி அடிச்சுத் தாறா. நான் சொல்லுததை அப்படியே போடச் சொல்லியிருக்கேன்.

யாரு பேசினாலும் எனக்கு ஒரே வருத்தம்தான். எத்தனை மணிக்கு இலை? அது தெரியணும். சாம்பாரு காத்துக் கிடக்கும், ரசமும் கிடக்கும். அவியல் ஆறினாலும் மேலே பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டுச் சமாளிச்சுப்புடலாம். புளிசேரி கிடக்காது. தயிரு சேந்த சாமானம், நுரை கூடும்போதே அடுப்பை விட்டு இறக்கணும். ஆறிப்போச்சுன்னு ரெண்டாவது சூடாக்கினா திரிஞ்சிரும். திரிஞ்சா மூணு தேங்கா அரைச்ச கூட்டு பூராவும் போச்சு. போன வருஷம் பேச்சு முடிய மாட்டேன்னுட்டு. வார்ப்பைக் கீழ வச்சு, அடுப்பில பாதி விறகை வெளிய இழுத்துப் போட்டு, நானும் கையாளும் மாறி மாறிக் கிண்டிட்டே நின்னோம். அங்க மேடையில கைதட்டுதாங்க, இங்க எனக்கு வயித்தைக் கலக்குது.

பிரதமனும் அப்படித்தான். மூணாம் பால், ரெண்டாம் பால் வத்தின பிறகு தலைப்பால் விட்டா அதோட சரி, அதுக்குப் பிறகு கொதிக்க விடப்பிடாது. ஒரு மணின்னா ஒரு மணிக்கு நான் தலைப்பாலை விடுவேன். பேசுத சாருகிட்டச் சொல்லி வையுங்க.

அப்புறம் வெண்டைக்காய்க் கிச்சடி எப்பவும் உண்டு. அதுக்கெல்லாம் தனியாச் சொல்லாண்டாம்.

மட்டிப்பழம் | இரவு 8.52

இந்த வருஷம் சிறப்புரை பாட்டாவே பேசட்டும். நான் வழிமொழியுதேன்.

சுங்கான்கடைச் சட்டி | அக்டோபர் 8, காலை 7.20

ஒரு யோசனை. வெளியிலிருந்து யாரும் வேண்டாம். தோவாளைக்காரி அக்காவின் பாட்டி ஊர்வலத்தில் போனவங்கதானே? அவங்களையே பேச வைக்கலாம். உயிரோட இருக்கிற சாட்சி. யாரும் எதிர்க்க மாட்டாங்க.

தோவாளைக்காரி | காலை 8.05

இது வரும்னு எதிர்பார்த்தேன்.

பாட்டியை மூணு வருஷம் மேடையில உட்கார வச்சீங்க. முதல் வருஷம் சால்வை, ரெண்டாவது வருஷம் சால்வை, மூணாவது வருஷமும் சால்வை. மூணும் ஒரே நிறம், ஒரே கடை. மூணு வருஷமும் ஒருத்தரும் மைக்கை அவகிட்டக் கொடுக்கலை. பக்கத்தில இருந்தவங்க அவளைப் பத்திப் பேசினாங்க. அவளுக்கு சர்க்கரை இருக்கு, பதினோரு மணிக்கு ஏதாவது வாயில போடணும். மேடையில உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவான்னு நான் பின்னால இருந்து ரெண்டு பிஸ்கட்டைக் கைக்குட்டையில சுத்திக் கொடுத்தேன். அதை யாரோ படம் எடுத்துக் குழுவில போட்டு, "தியாகத் தாய்க்குப் பேத்தியின் பாசம்"ன்னு எழுதினாங்க.

போன வருஷம் வரமாட்டேன்னுட்டா. இந்த வருஷமும் வரமாட்டா. அவ ஊர்வலத்தில போகவும் இல்லை. ஊர்வலத்துக்குக் கஞ்சித்தண்ணி கொண்டு போனா. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றா. யாரும் கேக்கலை, ஏன்னா நோட்டீஸ்ல "போராட்ட வீராங்கனை"ன்னு அச்சடிச்சாச்சு.

நேத்து ராத்திரி அவகிட்ட இந்த மலையாளப் பேராசிரியர் சங்கதியைச் சொன்னேன். "அவனுக்காவது சாப்பாடு நேரத்துக்குப் போடுங்க"ன்னா.

சுங்கான்கடைச் சட்டி | காலை 8.31

தெரியாமச் சொல்லிட்டேன் அக்கா.

விளவங்கோட்டான் | காலை 9.10

செரி. நான் ஒரு காரியம் கேக்கேன். அவரு வரட்டும்னே வச்சுக்கிடுவோம். அவரு பேசுததுக்கு முன்னால, செத்தவங்க பேரு ஒவ்வொண்ணா, ஊரோட சேத்து வாசிக்கணும். வழக்கம்போல "உயிர்நீத்த தியாகிகளுக்கு"ன்னு மொத்தமா ஒரு நிமிஷம் நின்னு, அதிலயும் யாருக்கோ செல்போன் அடிச்சு, அப்படி இல்லாம. அவரு உக்காந்து அதைக் கேக்கணும். அதுக்குப் பிறகு அவரு பத்திரிகையை வாசிக்கட்டும். அது முடியாதுன்னா நான் அண்ணைக்கு வேலை இருக்குன்னு சொல்லி மார்த்தாண்டத்துக்குப் போயிருவேன்.

செயலாளர் (படிப்பகம்) | காலை 11.00

பெயர் வாசிப்பதில் யாருக்கும் எதிர்ப்பு இருக்காது. வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குப் படிப்பகத்தில் பொதுக்குழு. கை தூக்கி முடிவு செய்வோம். மஸ்கட் அண்ணனுக்குப் போனில் காட்டுகிறோம், ஆனால் வாக்கு நேரில் இருப்பவர்களுக்கு மட்டும்.

பழையாற்றுக்கரை | அக்டோபர் 12, இரவு 8.20

பொதுக்குழு முடிஞ்சு இப்பத்தான் வர்றேன். சுருக்கமா.

வந்தது 58 பேர். போன வருஷக் கணக்குத் தணிக்கைக்கு வந்தது 9 பேர், அதையும் சொல்லிக்கிடுறேன். அவர் வரலாம்னு 31 கை, வேண்டாம்னு 27. முதலில் பெயர் வாசிப்பு, வாசிக்கிறது விளவங்கோட்டான். பிறகு பேராசிரியர் 20 நிமிஷம். 12.50-க்கு மட்டிப்பழம் மேடைக்கு முன்னால் வந்து நிப்பான், அதுதான் மணி. நான் வேண்டாம்னுதான் கை தூக்கினேன். தோத்துட்டேன். இலை போடுற வேலை எனக்கு, அதைச் செய்வேன்.

ஒரு பெரியவர் எழுந்து சொன்னதை மட்டும் எழுதணும்னு தோணுது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வருஷா வருஷம் திருவனந்தபுரத்துக்குப் போய்ட்டு வர்றாங்க, ரெண்டு மாநிலப் போலீஸும் நின்னு மரியாதை செய்யுது, சாமி போய் வரலாம், வாத்தியார் வரப்பிடாதான்னு கேட்டார். சிரிப்பும் கைதட்டலும். உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "சாமி திரும்பி வந்துருது. நெய்யாத்துத் தண்ணி வரலையே." அதுக்கும் அதே அளவு கைதட்டல். நம்ம ஊர்க் கைதட்டலை நம்பி எதையும் முடிவு பண்ணக் கூடாது.

மஸ்கட் மக்கா | இரவு 9.00

சரி, ரெண்டு சாக்கு அனுப்புதேன். மூணாவது அடுத்த வருஷம்.

மட்டிப்பழம் | நவம்பர் 1, மாலை 5.15

நேரில வராதவங்களுக்கு:

பேர் வாசிச்சது நல்லா இருந்துது. அண்ணன் தாளைப் பார்க்கவே இல்ல. ஒவ்வொரு பேருக்கும் பிறகு ஊரைச் சொல்லி ஒரு மூச்சு நிறுத்தினாரு. அந்த நேரம் ஆக்குப்புரையில தேங்கா துருவுற சத்தம் மட்டும் கேட்டுது. பிறகு அதையும் நிறுத்திட்டாங்க.

பேராசிரியர் வேட்டி கட்டி, ஒரு பழைய தோல் பையோட வந்தாரு. 20 நிமிஷம்னு சொன்னதை 34 நிமிஷம் பேசினாரு. நான் 12.50-க்குப் போய் நின்னேன். என்னைப் பார்த்து, "உட்காரு மோனே"ன்னாரு. உட்கார்ந்துட்டேன். என் தப்புதான். பேச்சு சிலருக்கு விளங்கிச்சு, சிலருக்குப் பசி. பின்வரிசையில ரெண்டு பேரு தூங்கினாங்க, பேர் சொல்ல மாட்டேன்.

கேள்வி கேக்கச் சொன்னப்ப மஸ்கட் அண்ணன் சொல்லிவிட்டபடி ஒருத்தர் நெய்யாறு தண்ணியைக் கேட்டாரு. "ஞான் ரிட்டயர்டு வாத்தியார், மதகோட சாவி என் கையில் இல்ல"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. விளவங்கோட்டண்ணன் சிரிக்கல. எழும்பி ஆக்குப்புரைக்குப் போயிட்டாரு. பந்தியில சாம்பார் வாளி அவரு கையில. பேராசிரியர் இலைக்கும் அவருதான் விளம்பினாரு. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல.

கிச்சடி ரெண்டு தடவை வாங்கினாரு. புளிசேரி திரியல.

குழித்துறைப் பாலம் | மாலை 6.02

அம்மா வந்தா. முதல் பந்திதான்.

தோவாளைக்காரி | மாலை 6.40

பாட்டி வரலை. தூக்குச்சட்டியில பிரதமன் கொண்டு போய்க் கொடுத்தேன். சர்க்கரை இருக்குன்னு அவளே சொல்லிட்டு அவளே ரெண்டு கரண்டி குடிச்சா.

விளவங்கோட்டான் | நவம்பர் 2, இரவு 10.30

போகும்போது அவரு ஒரு நகலை என் கையில தந்துட்டுப் போனாரு. "இது உங்ஙளோட, வச்சுக்கணும்"ன்னு பறஞ்சாரு. மலையாளப் பத்திரிகை, ஒரு பக்கம். நான் ஒண்ணும் பதில் சொல்லல. வாங்கிச் சட்டைப் பையில வச்சேன். ராத்திரி எடுத்துப் பார்த்தேன்.

எங்க பாட்டா மலையாளப் பள்ளிக்கூடத்தில படிச்சவரு. அவருக்குக் கையெழுத்தே மலையாளத்தில்தான் வரும், ரேஷன் கார்டில அப்படித்தான் போட்டிருப்பாரு. எனக்கு ஒரு எழுத்து தெரியாது. தலைப்பில பெரிசா என்னமோ போட்டிருக்கு, நடுவில "54"ன்னு ஒரு எண் மட்டும் விளங்குது. யாராவது வாசிச்சுச் சொல்லுவியளா? படம் எடுத்து இங்க போட எனக்கு மனசில்ல.

குழித்துறைப் பாலம் | இரவு 10.48

அம்மா வாசிப்பா. கண்ணாடியை மாத்தணும்னு ரெண்டு மாசமாச் சொல்லிட்டிருக்கா, ஆனாலும் வாசிப்பா. ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு மேல வாங்க அண்ணே. மழை இப்படியே பெய்தா ஆத்தில தண்ணி ஏறும், சப்பாத்து வழியா வராதீங்க, பாலம் சுத்தி வாங்க.

விளவங்கோட்டான் | இரவு 10.51

வாறேன்.

வைப்புக்காரன் | நவம்பர் 3, காலை 6.15

சின்ன வார்ப்பு ஒண்ணைக் காணல. கைப்பிடியில சிவப்பு நூல் சுத்தியிருக்கும். யாரு வீட்டில இருந்தாலும் இன்னைக்குக் கொண்டு வந்து வையுங்க, நாளைக்கு எனக்கு வேற ஊரில கல்யாணம்.